கட்டுச் சுங்குடி துப்பட்டா: ஐந்துக்கு நான்கு

மதுரையில் 'சுங்குடி' (புள்ளி போட்ட பருத்தித் துணி) என்று பலகை போட்ட கடைகளில் தொங்குவதில் பெரும்பாலானவை அச்சு. மெழுகு தொட்ட கட்டையாலோ ஸ்கிரீனாலோ புள்ளி வைத்தவை. அச்சு மோசம் என்று சொல்ல மாட்டேன். அம்மா வீட்டில் உடுத்துவது அதுதான், எங்கள் ஊர் வெயிலுக்கு அதைவிட சுகமான துணி கிடையாது. ஆனால் நான் தேடிப் போனது துணியில் முடிச்சுப் போட்டு சாயம் தோய்க்கும் கட்டுச் சுங்குடி. கல்லூரியில் பாரம்பரிய உடை நாள் வந்தது, வெள்ளைச் சுடிதாருக்கு மேலே போட ஒரு துப்பட்டா வேண்டியிருந்தது. வாங்கியது விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏன் என்று கீழே தெரியும்.

தனியாகப் போய் வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். பாட்டி எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

நாங்கள் சௌராஷ்டிரர்கள். குஜராத் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தெற்கே நகர்ந்து, விஜயநகரம் வழியாக நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து சேர்ந்த நெசவாளர்கள் என்று வீட்டில் சொல்வார்கள். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் எங்கள் பாஷை யாருக்கும் புதிதில்லை. தெருவைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனால்தான் வம்பு. ஒன்பதாம் வகுப்பில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த பாட்டி, வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து சௌராஷ்டிரத்தில் என்னைக் கூப்பிட்டார். அதோடு என் பெயர் 'சேட்டு வீட்டுப் பொண்ணு' ஆகிவிட்டது. "வீட்ல என்ன ஹிந்தியா பேசுறீங்க?" என்று கேட்டவர்களிடம் தெலுங்கு என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன், மதுரையில் அது சுலபமாக எடுபடும். "டி.எம்.சௌந்தரராஜன் யாரு? நம்மாளு. 1922ல இதே மதுரைல பொறந்தவரு. தமிழ அவர மாதிரி யாரு உச்சரிச்சா?" என்பது அப்பாவின் நிரந்தரப் பதில். பதினாலு வயதில் டி.எம்.எஸ்.ஸை வைத்துக்கொண்டு எந்த வகுப்பறைச் சண்டையிலும் ஜெயிக்க முடியாது என்பது அப்பாவுக்குத் தெரியாது.

சரி, கடைக்கு வருகிறேன். விற்பனைப் பையன் அரக்குச் சிவப்பில் ஒரு துப்பட்டாவை எடுத்து விசிறினார். "பக்கா கட்டுச் சுங்குடி மேடம், எல்லாம் கைவேலை." விலை 1,600. பக்கத்தில் வேட்டி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் என்னோடு பழைய டியூஷனில் படித்தவர்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பாட்டி துணியைப் பிடுங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கட்டைவிரலால் தடவிப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி எங்கள் பாஷையில் என்னைத் திட்டினார். இதைப் போய் வாங்க இருந்தாயே என்று. அப்புறம் பையனிடம் தமிழில், "ஏன் தம்பி, புள்ளியெல்லாம் அளந்து வச்ச மாதிரி இருக்கு. கையால கட்டுனா இப்படியா வரும்?"

கல்லாவிலிருந்து முதலாளி சௌராஷ்டிரத்தில் பதில் சொன்னார். அவ்வளவுதான், எந்தத் தெரு, என்ன வீட்டுப் பெயர், யாருடைய பேத்தி என்று ஆரம்பித்துவிட்டார்கள். டியூஷன் பையன்கள் வேட்டியை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் புடவை அடுக்குக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

பேச்சு முடிந்ததும் உள்ளேயிருந்து வந்ததுதான் அசல் சரக்கு. சாயம் காய்ந்து, முடிச்சு அவிழ்க்காத துணி. அகலம் பாதியாகச் சுருங்கி, தொட்டால் முழுக்க கொசுக்கடித் தடிப்பு மாதிரி நெருநெருவென்று இருந்தது. பாட்டி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிர்முனையை என்னிடம் கொடுத்தார். குறுக்கே ஒரு இழு இழுத்ததும் நூல்கள் படபடவென்று தெறிக்க, சிவப்புக்குள்ளிருந்து வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் திறந்தன. ஒவ்வொன்றும் கொஞ்சம் கோணல். வெள்ளை வளையத்துக்கு நடுவில், நூல் சுற்றாமல் விட்ட நுனியில், ஊசிமுனை அளவுக்குச் சிவப்பு.

"ஏய், எப்படி இது?" என்றான் ஒருவன். பாட்டி வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி நூலை இறுக்கிச் சுற்றுவார்கள், சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது, ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும், எங்க பாட்டி கல்யாணமான புதுசில் கூலிக்குக் கட்டினவங்க. 'சேட்டு வீடு' என்று ஆரம்பித்து வைத்தவனே அவன்தான். போனை எடுத்து பாட்டியின் நகத்தைப் படம் பிடித்தான். பாட்டி தலையைச் சரி செய்துகொண்டு, நகத்தைப் படம் எடுத்து என்ன செய்வாய், முகத்தை எடு என்றார். அதுவும் எங்கள் பாஷையில். நான் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. அப்போதும் காது சுட்டது, பொய் சொல்லவில்லை.

பேரத்துக்குப் பிறகு 1,450. அச்சுத் துப்பட்டா இதில் நாலில் ஒரு பங்குக்குக் கிடைக்கும், ஆக விலை குறைவில்லை. முடிச்சுப் போட ஆள் கிடைப்பதில்லை என்று முதலாளி அலுத்துக்கொண்டார். 2005-06இலேயே புவிசார் குறியீடு வாங்கிய துணி இது. கூலி ஏறாமல் குறியீட்டை மட்டும் வைத்துக்கொண்டு யார் உட்கார்ந்து கட்டுவார்கள்? பாட்டியே தன் மகளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

துணி மிக மெல்லிசு, கழுத்தில் இருப்பதே தெரியாது. சாயம் போகும். கல்லுப்பு கரைத்த தண்ணீரில் தனியாக அலசுங்கள், முதல் அலசலில் பக்கெட் முழுக்க ரத்தச் சிவப்பாக வரும், பயப்பட வேண்டாம். எனக்கு வெள்ளைப் புள்ளிகள் லேசாக ரோஸ் தட்டிவிட்டன. இஸ்திரியை அழுத்தித் தேய்க்காதீர்கள், புள்ளியின் மேடு படிந்துபோனால் அச்சுக்கும் இதற்கும் பார்வைக்கு வித்தியாசமே இருக்காது. உடை நாளன்று விடுதித் தோழிகள் ஆளாளுக்குப் புள்ளியைத் தடவிப் பார்த்தார்கள், இரண்டு பேர் தங்களுக்கும் வேண்டும் என்று பணமே கொடுத்துவிட்டார்கள்.

ஒரு நட்சத்திரம் குறைந்தது, கைவேலை என்று நீட்டிய அந்த முதல் துப்பட்டாவுக்காக. பாட்டியில்லாமல் போகிறவர்கள் 'முடிச்சு அவிழ்க்காதது இருக்கா?' என்று முதலில் கேளுங்கள். இல்லை என்று மழுப்பினால் அச்சு விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் மட்டும் போக வேண்டாம், மாசி வீதிக்குள் கால் வைக்க இடம் இருக்காது.