ஒரு சொல்லுக்கு ஒரே வரியா? ஜிஆர்இ சொல் அட்டைச் செயலியுடன் 14 மாதங்கள்

வெளிநாட்டில் மேற்படிப்புக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியிருக்கும் தோழி ஒருத்தி, நான் பயன்படுத்தும் சொல் அட்டைச் செயலியின் ஆண்டுச் சந்தா பாதியாகக் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பணம் கட்டலாமா என்று கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. 14 மாதங்களாக ஏறக்குறைய நாள் தவறாமல் நான் திறந்துவரும் செயலி அது. இந்தக் காலத்தில் தேர்வை இரண்டு முறை எழுதினேன். ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் வெர்பல் பகுதியில் 151 ஆக இருந்த மதிப்பெண் 160 ஆனது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மறக்கப்போகும் நேரம் பார்த்துச் சொல்லை மீண்டும் கண்முன் நிறுத்துவதில் இந்தச் செயலியைக் குறை சொல்ல இடமே இல்லை. மனப்பாடம் செய்தது எவ்வளவு விரைவில் நழுவுகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1885இல் வெளியிட்டார். அந்த நழுவலை முந்திக்கொள்வதுதான் செயலியின் வேலை. தெரிந்த சொல் சில நாள் கழித்தும், பிறகு சில வாரம் கழித்தும் வரும். தடுமாறிய சொல் மறுநாளே வந்து நிற்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இப்படித்தான் எனக்குள் தங்கின. அதற்கு முன் அச்சிட்ட பட்டியலை வைத்துக்கொண்டு பட்ட பாட்டில் இருநூறுகூடத் தேறவில்லை.

என் மனக்குறை ஒன்றுதான், ஆனால் அது நாள்தோறும் உறுத்துகிறது. எந்த அட்டையைப் புரட்டினாலும் பின்புறத்தில் ஒரே ஒரு வரிப் பொருள்தான் இருக்கும். ஃப்ரூகல், த்ரிஃப்டி, பார்சிமோனியஸ் ஆகிய மூன்றுக்கும் ‘செலவில் மிகக் கவனமான’ என்ற ஒரே விளக்கத்தைத்தான் செயலி தருகிறது. ஆனால் சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ் கேள்வியில் ஆறு சொற்களுள் வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். பொதுப்பணத்தைத் தம் பணம்போல் காத்த ஒருவருடைய பண்பை எல்லோரும் போற்றினார்கள் என்று வாக்கியம் அமைந்தால், அங்கே ஃப்ரூகலும் த்ரிஃப்டியும் பொருந்தும், பார்சிமோனியஸ் பொருந்தாது. ஒரு மாதிரித் தேர்வில் நான் பார்சிமோனியஸைத் தொட்டேன், மதிப்பெண் போயிற்று. மறுநாள் காலையில் செயலி அதே சொல்லைக் காட்டியது. ‘தெரியும்’ என்று அழுத்தினேன். பச்சை நிறத்தில் பாராட்டியது.

அன்றுதான் அட்டையின் அடியிலுள்ள குறிப்புப் பெட்டியில் தமிழில் எழுதத் தொடங்கினேன். ஃப்ரூகல் என்றால் சிக்கனம், பார்சிமோனியஸ் என்றால் கஞ்சத்தனம். ஆங்கில விளக்கத்தில் ஒன்றாகக் கலந்து கிடந்த இரண்டும், சிறுவயது முதல் காதில் விழுந்து பழகிய இரண்டு சொற்களால் நொடியில் பிரிந்துவிட்டன. அறிவியல் கட்டுரையில் பார்சிமோனியஸ் விளக்கம் என்று வந்தால் அது குறைந்த அனுமானங்களைக் கொண்டே நிற்கும் விளக்கம், அங்கே அது பாராட்டு என்பதையும் கீழே சேர்த்துக்கொண்டேன். எனர்வேட் என்ற சொல்லில் எனர்ஜி ஒலிக்கிறது, பொருளோ நேர்மாறாகச் சோர்வடையச் செய்வது. தசைநாணைக் குறிக்கும் லத்தீன் சொல் அதன் வேர் என்று அறிந்ததும் ‘நாடி தளரச் செய்’ என்று எழுதினேன், அதன் பிறகு அந்தச் சொல்லில் ஒருமுறைகூடத் தவறவில்லை. இந்தச் செயலியில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி, அதை உருவாக்கியவர்கள் பெரிதாகக் கருதாத அந்தச் சின்னப் பெட்டிதான்.

குவாலிஃபை என்ற எளிய சொல்லுக்கு அட்டையே இல்லை. தகுதி பெறுவது என்ற பொருள் எல்லோருக்கும் தெரியும் என்று விட்டிருப்பார்கள். ஆனால் தேர்வில் வரும் குவாலிஃபைட் ஆதரவு என்பது ‘ஆனால்’ போட்டுச் சொன்ன ஆதரவு, அதாவது வரம்புக்கு உட்பட்டது. 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பின் வெர்பல் பகுதியில் 27 கேள்விகளுக்கு 41 நிமிடங்கள்தான். அந்த அவசரத்தில் மனம் முதலில் எடுத்துத் தருவது அட்டையில் படித்த வரியைத்தான்; அந்த வரி அரைகுறையாக இருந்தால் கேள்வியே கைவிட்டுப் போகிறது. போதாததற்கு, 2011இலேயே தேர்விலிருந்து நீக்கப்பட்ட எதிர்ச்சொல் கேள்விகளைச் செயலி இன்றும் பயிற்சியாகத் தருகிறது.

சென்ற மாதம் வந்த புதுப்பிப்பில் குறிப்புப் பெட்டியை இரண்டு பொத்தான்களுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்கள். அட்டையைப் புரட்டியதும் கண்ணில் பட்ட ‘கஞ்சத்தனம்’ இப்போது தேடிப் போனால்தான் தெரிகிறது. ஒரு நாளில் அறுபது அட்டைகள் பார்ப்பவர் அறுபது முறையும் தேடிப் போகமாட்டார். இரண்டு முறை எழுதிக் கேட்டேன். கருத்துக்கு நன்றி என்ற பதில் மட்டுமே வந்தது.

ஆகவே தோழிக்கு நான் சொன்னது: வாங்க வேண்டாம். என் மதிப்பெண் உயர்ந்ததில் இந்தச் செயலிக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை அறிந்தேதான் சொல்கிறேன். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கி என்ற அட்டைச் செயலியிலும் இதே இடைவெளிக் கணக்கு உண்டு; அங்கே அட்டையின் இரு பக்கங்களையும் நாமே எழுதிக்கொள்ளலாம். நான் எழுதிவைத்த முந்நூற்றுச் சொச்சம் தமிழ்க் குறிப்புகளையும் இந்த வாரம் முதல் ஒவ்வொன்றாக அங்கே மாற்றிக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவோடு எண்பது முடிந்தது.