களியக்காவிளையைத் தாண்ட: நேரடி பஸ்ஸா, ரயிலா, நடையா?

கிறிஸ்துமஸுக்கு மார்த்தாண்டம் பக்கத்தில் உள்ள வீட்டுக்கு வந்து, புத்தாண்டு முடிந்த மறுநாள் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குத் திரும்புவது எனக்கு ஐந்து வருடப் பழக்கம். முதல் இரண்டு வருடம் நேரடி பஸ்ஸில் போனேன். மூன்றாம் வருடம் ரயில். கடைசி இரண்டு வருடமும் களியக்காவிளையில் தமிழக–கேரள எல்லையை நடந்தே தாண்டிவிட்டேன். இனியும் நடைதான் என்று முடிவு செய்துவிட்டதால், இதில் நான் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் அந்த நெரிசல் எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். களியக்காவிளையில் பாஸ்போர்ட் கேட்பவர் யாரும் இல்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தபோது விழுந்த கோடு அது. கடைத்தெருவும் தேசிய நெடுஞ்சாலையும் ஒன்றாகிவிட்ட ஊர். எல்லையோடு நிற்கும் இரு மாநில பஸ்களும் அங்கேதான் வந்து திரும்ப வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போனதும் இனி நெரிசல் தீர்ந்தது என்று பேசிக்கொண்டோம். வரி போனது, போலீஸ் சோதனை இருக்கிறது. கனிமவளம் ஏற்றிய டாரஸ் லாரிகள், ரேஷன் அரிசிக் கடத்தல், இந்தப் பக்கம் வரும் கோழிக்கழிவு வண்டிகள் என்று நிறுத்திப் பார்க்கக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஜனவரி முதல் வாரத்தில் கன்னியாகுமரியும் திற்பரப்பும் பார்த்துவிட்டுத் திரும்பும் கேரளக் கார்களும் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் இதோடு சேர்ந்தால், வரிசை மார்த்தாண்டம் பக்கத்தில் படந்தாலுமூடு வரை நீண்டுவிடும்.

நேரடி பஸ்ஸின் நன்மையைச் சொல்ல அதிகம் இல்லை: ஏறினால் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கலாம், மூட்டை முடிச்சுகளைச் சுமக்க வேண்டாம், உட்கார இடம் கிடைத்தால் தூங்கலாம். சாதாரண நாளில் இதற்கு மேல் எதுவும் வேண்டாம், நானும் இதில்தான் போகிறேன். விடுமுறை முடிந்த நாளில்தான் வினை. இரண்டாம் வருடம் படந்தாலுமூட்டில் பஸ் நின்றபோது ஜன்னலுக்கு வெளியே ஒருவர் ஏத்தன் பழ பஜ்ஜி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தார். அந்த மாவு தீர்ந்து, அடுத்த மாவையும் அவர் கரைத்துவிட்டார். நாங்கள் இரண்டு கடை தள்ளித்தான் போயிருந்தோம். இறங்கி நடக்கலாம் என்றால் டிக்கெட் தம்பானூர் வரை எடுத்தாயிற்று, பெட்டி இருக்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. “இதோ இப்போது நகர்ந்துவிடும்” என்று கண்டக்டர் சொன்ன ஒவ்வொரு முறையும் நம்பினேன்.

ரயிலுக்கு எல்லைக்கோடு ஒரு பொருட்டே இல்லை. குழித்துறையில் ஏறினால் எல்லைக்கு அப்பால் உள்ள பாறசாலை தானாக வந்துவிடும். டிக்கெட்டும் மலிவு. ஆனால் 1979-இல் போட்ட இந்தப் பாதை ஒற்றைத் தண்டவாளம். ஒரு வண்டி தாமதமானால் எதிர்வண்டி ஏதாவது ஒரு நிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். சென்னைப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளின் பொதுப்பெட்டிகள் நாகர்கோவிலிலேயே நிறைந்துவிடும். அன்று நான் கழிவறைக் கதவுக்கும் ஒருவரின் அரிசிச் சாக்குக்கும் நடுவில் நின்றேன். நெய்யாற்றின்கரைக்கு முன்னால் கிராசிங்குக்காக வண்டி நின்றபோது, இறங்கினாலும் போக்கிடம் இல்லாத இடம் என்றால் என்ன என்று புரிந்தது. விடுமுறைக்குப் பிறகு ரயிலில் நான் போனது அந்த ஒருமுறைதான் என்பதால் கண்டிப்பாகத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். திருவனந்தபுரம்–கன்னியாகுமரி 87 கிலோமீட்டர் இரட்டைப்பாதை முழுவதும் ஓடத் தொடங்கினால் இந்தப் பத்தியை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

இனி நடை. மார்த்தாண்டத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் ஏறுகிறேன். 2021 முதல் பெண்களுக்கு அதில் கட்டணம் இல்லை. எனவே இறங்கிவிட்டால் நஷ்டமும் இல்லை. இந்த ஒன்றை நான் லேசாகச் சொல்லவில்லை. காசு கொடுத்த பஸ்ஸை விட்டு இறங்க மனம் வராது. காசு கொடுக்காத பஸ் நின்ற நிமிடமே கால் படியில் இருக்கும். பஸ் எங்கே நிற்கிறதோ அங்கே இறங்கி, சாலையின் வலப்புறமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடக்கிறேன். களியக்காவிளைச் சந்தை, பஸ் நிலையம், சோதனைச்சாவடி, அதன் பின் கேரளப் பக்கத்து இஞ்சிவிளை. கடைப்பலகைகளில் தமிழும் மலையாளமும் கலந்து வந்து, மெல்ல மலையாளம் மட்டும் மிஞ்சும்.

இஞ்சிவிளையில் ஏதாவது கேரள பஸ் கிடைத்தால் ஏறிக்கொள்வேன். இல்லையென்றால் ஆட்டோ பிடித்துப் பாறசாலை. அங்கே பணிமனை இருக்கிறது. அங்கிருந்தே புறப்படும் பஸ்ஸுக்கு எல்லை நெரிசலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. நேரடி பஸ்ஸில் இருப்பவர்களுக்கு இது தோன்றுவதில்லை, எனக்கும் இரண்டு வருடம் தோன்றவில்லை. அடைபட்டுக் கிடப்பது எல்லையைத் தாண்டியாக வேண்டிய வண்டிகள்தான். எல்லைக்கு அப்பால் பிறக்கும் வண்டி காலியாகவும் நேரத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அதை எட்டிப் பிடிக்கும் தூரம்தான் நம் காலுக்கு மிச்சம். படந்தாலுமூட்டிலிருந்து இஞ்சிவிளை போய்ச் சேர எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, ஒரு சாயா உட்பட.

நடந்து தாண்டுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் யானையும் பல்லக்குமாக இதே சாலையில்தான் திருவனந்தபுரம் போகிறார்கள். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு. களியக்காவிளையில் அவர்களுக்குப் போலீஸ் மரியாதையோடு வரவேற்பு உண்டு. எனக்குக் கிடைப்பது “சேச்சி, பாறசாலையா?” என்ற ஆட்டோக்காரரின் குரல் மட்டும்.

இந்த வழியைக் காப்பதும் கெடுப்பதும் சுமைதான். முதல் நடையில் சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன். சாலையோரம் தார் முடிந்து ஜல்லி தொடங்கும் இடத்தில் ஒரு சக்கரம் கழன்று ஓடையில் விழுந்தது. பிறகு பெட்டி எனக்குச் சுமையா, நான் பெட்டிக்குச் சுமையா என்று தெரியாமல் இஞ்சிவிளை வந்து சேர்ந்தேன். உள்ளே என்ன? முந்திரிக்கொத்து ஒரு டப்பா, அச்சுமுறுக்கு ஒரு டப்பா, இரண்டு லிட்டர் தேங்காய் எண்ணெய், ஆறு தேங்காய், ஒரு குலை மட்டிப்பழம். திருவனந்தபுரத்தில் தேங்காய் கிடைக்காதா என்று அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை. “நம் மரத்துத் தேங்காய் கிடைக்குமா மக்களே?” என்பார்.

ஆகவே என் கணக்கு இது: முதுகுப்பை ஒன்று, கையில் துணிப்பை ஒன்று, இரண்டும் சேர்த்து எட்டு கிலோவுக்குள். அதற்கு மேல் போனால் நேரடி பஸ்ஸிலேயே போவது நல்லது. கைக்குழந்தை, முட்டுவலி உள்ள பெரியவர்கள், பரீட்சைக்குப் புத்தகப்பெட்டியோடு போகும் பிள்ளைகள் ஆகியோருக்கும் நடையைச் சொல்லமாட்டேன், அவர்களுக்கு ரயில். விடிந்த பிறகுதான் நடப்பேன். இருட்டில் ஒருமுறைகூடப் போனதில்லை, மழையிலும் இல்லை.

பைக் வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். தம்பி ஒரு ஈஸ்டருக்குப் பிறகு என்னை ஊரம்பு வழியாகக் கொண்டுபோய்க் காரோட்டில் பைபாஸில் ஏற்றிவிட்டான். கான்கிரீட் சாலை, திருவல்லம் வரை தடையே இல்லை, இரு சக்கரத்துக்குச் சுங்கமும் இல்லை. வடக்கே பனச்சமூடு, வெள்ளறடை வழியும் உண்டு என்கிறான். அதில் நான் போனதில்லை. ஆனால் என்னை விட்டுவிட்டுத் தம்பி திரும்பி வர வேண்டுமே. அவனுக்கு அரை நாள் போனது, பெட்ரோலும் போனது. சொந்த வண்டியில் தினமும் போய்வருபவர்களுக்கு அதுதான் சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வாடகைக் கார் பற்றிப் பேச்சே வேண்டாம்: அதே வரிசையில் அதிகக் காசு கொடுத்து நிற்பது.

ஓணம் முடிந்து எதிர்த்திசையில் இங்கே வருபவர்களுக்கு இதே வழி பொருந்துமா என்று கேட்டால், பாதிதான் பொருந்தும். களியக்காவிளை நிலையத்தில் மார்த்தாண்டம் பஸ் நிற்கும், ஆனால் அது வெளியே வரும்போது கடைத்தெரு நெரிசலைத் தாண்ட வேண்டியிருக்கும். நான் ஒருமுறை படந்தாலுமூடு வரை நடந்துவிட்டேன்.

இந்த ஜனவரியில் புறப்படும்போது அம்மா மட்டிக்குலையிலிருந்து இரண்டு சீப்பு மட்டும் வெட்டிச் செய்தித்தாளில் சுற்றினார். முந்திரிக்கொத்தைப் பாதியாகக் குறைத்து, பையைத் தானே ஒருமுறை தோளில் மாட்டித் திண்ணைக்கும் கிணற்றடிக்கும் நடந்து பார்த்தார். பிறகு பையைத் திறந்து ஒரு தேங்காயை வெளியே எடுத்து வைத்தார். நான் செருப்பு மாட்டுவதற்குள் அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.