கேரோவா, பாடூகாவா? ஒரே ஆற்றங்கரையில் இரண்டு ஊர்கள்

அமெரிக்க வரைபடத்தைக் கையில் கொடுத்து, இந்த இரண்டில் எந்த ஊர் பெரிதாக வளரும் என்று கேட்டால் யாரும் கேரோவைத்தான் காட்டுவார்கள். ஒஹாயோ ஆறு மிசிசிப்பியில் கலக்கிற முனையிலேயே, இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில் உட்கார்ந்திருக்கிறது. எகிப்துத் தலைநகரின் பெயரைத்தான் வைத்தார்கள், ஆனால் ஊர்க்காரர்கள் வாயில் அது கேரோ. அங்கிருந்து கிழக்கே முக்கால் மணி நேரம் காரில் போனால், டென்னசி ஆறு ஒஹாயோவில் சேரும் இடத்தில், கென்டக்கி மாநிலத்தின் பாடூகா.

1861 செப்டம்பரில், உள்நாட்டுப் போர் தொடங்கிய சில மாதங்களிலேயே, வடமாநிலப் படையின் தளபதி கிராண்ட் கேரோவிலிருந்து படகில் படையை ஏற்றிக்கொண்டு போய்த்தான் பாடூகாவைப் பிடித்தார். அன்றைக்குப் படைத்தலைமையகம் கேரோ, பிடிபட்ட ஊர் பாடூகா.

சரி, மக்கள்தொகைக்கு வருவோம். 1920-இல் கேரோவில் 15,203 பேர், பாடூகாவில் 24,735 பேர். 1960-இல் பாடூகா 34,479-ஐத் தொட்டுவிட்டது, கேரோ 9,348-க்கு இறங்கிவிட்டது. 2020 கணக்கெடுப்பில் பாடூகா 27,137. கேரோ வெறும் 1,733. ஒரு நூற்றாண்டில் பத்தில் ஒன்பது பேர் காணாமல் போன ஊர் அது.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பாலங்கள். 1889 வரை அந்த இடத்தில் ரயில் பெட்டிகளையே படகில் ஏற்றித்தான் ஒஹாயோவைக் கடக்க வேண்டியிருந்தது, அந்த வேலை முழுக்கக் கேரோவுக்கு. ரயில் பாலம் வந்தது, பிறகு சாலைப் பாலங்கள் வந்தன, நின்று போகத் தேவை இல்லாமல் போனது. உண்மைதான், ஆனால் எனக்கு இது போதவில்லை. நீராவிப் படகுக் காலம் பாடூகாவுக்கும்தானே முடிந்தது? வெள்ளத்தைச் சொல்வார்கள், அதுவும் தலைகீழ். 1937-இல் ஒஹாயோ 60.8 அடிக்கு ஏறியபோது பாடூகாவில் சுமார் 27,000 பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள், கேரோ மூழ்கவே இல்லை, எதிர்ப்புறம் மிசௌரி மாநிலத்தின் வெள்ளத் தடுப்புக் கரையை வெடி வைத்து உடைத்து அதைக் காப்பாற்றினார்கள். 2011 மே 2-ஆம் தேதியும் அப்படியே, 1,30,000 ஏக்கர் நிலத்தைத் தண்ணீருக்குக் கொடுத்தார்கள். கேரோவின் வடக்கு வாசலில் நெடுஞ்சாலைக்கு மேலே ராட்சத இரும்புக் கதவு ஒன்று தொங்குகிறது, இறக்கினால் ஊரே பூட்டிய பெட்டி. தண்ணீர் அந்த ஊரைத் தோற்கடிக்கவில்லை.

தோற்கடித்தது உள்ளே இருந்தது. 1909-இல் ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று ஒரு கறுப்பின மனிதரைத் தூக்கிலிட முயன்று, சுட்டுக் கொன்று எரித்த ஊர் அது. 1962-இல் வெள்ளையர்களுக்கு மட்டுமான நீச்சல் குளத்தில் கறுப்பினத்தவரையும் விடச் சொல்லி இளைஞர்கள் தெருவில் மண்டியிட்டுப் பிரார்த்தித்தார்கள், பின்னாளில் சமூக உரிமைப் போராட்டத் தலைவராகப் பெயர் பெற்ற ஜான் லூயிசும் அவர்களில் ஒருவர். குளத்தைப் பொதுவாக்குவதை விட மூடிவிடுவதே மேல் என்று மூடினார்கள், பிறகு சிமென்ட் கொட்டி நிரப்பினார்கள். 1967-இல் விடுப்பில் வந்த 19 வயது கறுப்பினச் சிப்பாய் காவலில் இறந்தபோது ஊர் கொந்தளித்தது. 1969-இல், எங்களுக்கும் வேலை கொடுங்கள், கொடுக்கும்வரை உங்கள் கடையில் வாங்க மாட்டோம் என்று கறுப்பின மக்கள் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒருவரை வேலைக்கு வைப்பதற்குப் பதில் கடையைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் பலர்.

பாடூகா புனிதமான ஊர் என்று சொல்ல வரவில்லை. 1916-இல் அங்கேயும் கும்பல் இரண்டு கறுப்பினத்தவரைக் கொன்றது. அந்த ஊருக்கு அதிர்ஷ்டமும் கைகொடுத்தது: 1920-களில் பெரிய ரயில் எஞ்சின் பட்டறை, 1952-இல் யுரேனியம் செறிவூட்டும் ஆலை. ஆனால் 2000-த்தில் அந்த ஊர் செய்ததை அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. பாழடைந்து கிடந்த லோயர் டவுன் பகுதியின் பழைய வீடுகளைப் புதுப்பித்துக் குடியேறும்படி ஓவியர்களையும் கைவினைஞர்களையும் வெளியூர்களிலிருந்து அழைத்தார்கள். 1991-லிருந்தே ஒட்டுத்துணிப் போர்வைகளுக்கென்று அங்கே ஒரு அருங்காட்சியகம் உண்டு. வெள்ளத் தடுப்புச் சுவர் முழுக்க ஊரின் கதையை ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். 2013-இல் யுரேனியம் செறிவூட்டல் நின்றுபோனது, அதே ஆண்டு யுனெஸ்கோ கைவினை நகரப் பட்டியலில் பாடூகா சேர்ந்தது. 2010-க்கும் 2020-க்கும் இடையில் 2,113 பேர் கூடியிருக்கிறார்கள்.

அதே பத்தாண்டில் கேரோ 1,098 பேரை இழந்தது. இப்போது அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். கடையைப் பூட்டியவர்கள் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பவர்களில் பெரும்பாலோர் வேலை கேட்ட தரப்புதான். 2017-இல் பழுதடைந்த இரண்டு அரசுக் குடியிருப்புகளை மூடப்போவதாக மத்திய அரசு அறிவித்தபோது, சுமார் 400 பேருக்கு வேறு வீடு தேட வேண்டியிருந்தது, ஊருக்குள் அத்தனை வீடு இல்லை.