மாடியில் ஓர் அறை: முழு கான்ட்ராக்ட்டா, லேபர் கான்ட்ராக்ட்டா, நாள் கூலியா?

கீழே குடியிருந்துகொண்டே மாடியில் ஒரு அறையும் குளியலறையும் எடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, சதுர அடிக்கு எவ்வளவு ஆகும் என்பதைத்தான். நான் அதை இரண்டாவதாக வைப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நாளில் இந்த வேலை உங்களுக்காக நிற்குமா? முதலில் அதைக் கேளுங்கள். கட்டுமானத்தில் பாதியில் நிறுத்தி வைக்கக்கூடிய வேலையும் உண்டு, நிறுத்தவே கூடாத வேலையும் உண்டு. எந்த வழி உங்களுக்கு ஒத்துவரும் என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமையும்.

எந்த வழியில் போனாலும், பழைய வீடு இன்னொரு மாடியைத் தாங்குமா என்பதை ஒரு பொறியாளர் நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். தூண் இல்லாமல் சுவர் மேலேயே நிற்கும் வீடு என்றால் இதில் சமரசமே கிடையாது. பத்தடி உயரத்துக்கு எழுப்பும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஓரடி நீளத்துக்கு 400 கிலோவுக்கு மேல் எடை வரும். ஆறு அங்குல ஏஏசி பிளாக்கில் (உள்ளே காற்றுக் குமிழிகள் உள்ள, எடை குறைந்த கான்கிரீட் கல்) அதே சுவர் பூச்சோடு சேர்த்து 150 கிலோவுக்குள் முடிந்துவிடும். மாடிக்கு நான் பிளாக்கைத்தான் சொல்வேன்.

முழு கான்ட்ராக்ட் என்றால் பொருளும் ஆளும் அவர்கள் பொறுப்பு. இருவரும் வேலைக்குப் போகிறோம், பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் மனம் இதன் பக்கம்தான் சாயும். ஆனால் ஒரே ஒரு அறை என்பது கான்ட்ராக்டருக்குச் சின்ன வேலை. வேறு இடத்தில் தளம் போட வேண்டியிருந்தால் உங்கள் வீட்டு ஆட்களைத்தான் முதலில் தூக்குவார். அப்புறம் 'அது ரேட்ல வராது சார்' என்ற பேச்சு வரும். மாடிப்படி, தண்ணீர்த் தொட்டியை நகர்த்துவது, கைப்பிடிச் சுவர், எத்தனை ஸ்விட்ச் பாயின்ட், எந்த சிமெண்ட், என்ன விலையில் டைல்ஸ் என்று எல்லாவற்றையும் முன்பே எழுத்தில் வாங்கினால் மட்டுமே சதுர அடி ரேட்டுக்கு அர்த்தம் உண்டு.

லேபர் கான்ட்ராக்டில் பொருளை நாம் வாங்க வேண்டும், மேஸ்திரி ஆள் கூட்டி வருவார். நம் சுவருக்குள் என்ன போகிறது என்பது நமக்குத் தெரியும், அதுதான் இதன் பெரிய பலன். 12 எம்எம் கம்பி, 12 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 10.6 கிலோ நிற்க வேண்டும். இறக்கும்போதே எடைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதற்கு விலையாக நம் காலை நேரம் போகும். டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் 'சிமெண்ட் தீர்ந்துபோச்சு' என்று போன் வரும். மொத்தமாக வாங்கி அடுக்கவும் முடியாது. மூட்டை மூன்று மாதம் கிடந்தாலே சிமெண்டின் வலு குறையும். அதுவரைக்கும்கூடப் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல்தான் வைக்க வேண்டும். எம் சாண்ட் லாரி ராத்திரியில் வந்து பக்கத்து வீட்டு கேட்டை அடைத்துக் கொட்டிவிட்டுப் போனால் சமாதானம் பேசுவதும் நீங்கள்தான். மேஸ்திரிக்குக் கூலி மொத்தமாகப் பேசியிருப்பதால் வேகமாக முடிக்கப் பார்ப்பார். உங்கள் சிமெண்டை மிச்சம் பிடிக்க அவருக்குக் காரணம் எதுவும் இல்லை.

நாள் கூலி மூன்றிலும் மெதுவானது. ஆனால் குடும்பத்தோடு ஒத்துப்போவது இதுதான். இந்த வாரம் கல்யாணம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றால் கொத்தனாரும் சித்தாளும் வேறு வேலைக்குப் போய்விட்டு வருவார்கள். அதே சமயம் யாராவது பக்கத்தில் நிற்காவிட்டால் இரண்டு நாள் வேலை நான்கு நாளாக நீளும். மாமனார் வீட்டில்தானே இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று கணக்குப் போடாதீர்கள். கைப்பிடி வைக்காத படியில் வயதானவரை வெயிலில் ஏறி இறங்க விடுவது எனக்குச் சம்மதமில்லை.

தளம் போடும் நாளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கலவை மெஷின், லிஃப்ட், வைப்ரேட்டர் எல்லாம் வந்து நின்றுவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. பாதியில் விட்டு மறுநாள் தொடர்ந்தால் அந்த இணைப்பில்தான் பின்னாளில் மழைநீர் கசியும். கொட்ட ஆரம்பிப்பதற்கு முன் மேலே ஏறிப் பாருங்கள். கம்பி பலகையில் படாமல் கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கான்கிரீட் கட்டை) மேல் உட்கார்ந்திருக்கிறதா, ஃபேன் பாக்ஸ் அறையின் நடுவில் இருக்கிறதா, கரண்ட் பைப் எங்கும் நசுங்கவில்லையா என்று பார்த்துவிட்டுப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எங்கே துளை போடலாம் என்பதற்கு அந்தப் போட்டோதான் ஆதாரம். அன்றைக்குப் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் ஒருவராவது லீவு போடுங்கள்.

மறுநாளிலிருந்து பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், பிபிசி (சாம்பல் போன்றவை கலந்த சிமெண்ட்) என்றால் 10 நாள் என்று இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 சொல்கிறது. நம் வெயிலுக்கு நான் இரண்டு வாரம் விடுவேன். எந்த கான்ட்ராக்ட் ஆனாலும் காலையில் ஏறித் தண்ணீர் விடுவது கடைசியில் வீட்டு ஆட்கள் தலையில்தான் விழும். அது யார் பொறுப்பு என்பதை முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன். தூண், சுவர், தளம் வரை பொறியாளர் மேற்பார்வையில் லேபர் கான்ட்ராக்ட். கடைக்கு ஓட ஆளே இல்லாத வீடு என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் முழு கான்ட்ராக்ட். பூச்சு, டைல்ஸ், பெயின்ட் எல்லாம் நாள் கூலி. அவை ஒரு வாரம் நின்றாலும் கெட்டுப்போகாது, கையில் பணம் சேரச் சேரச் செய்துகொள்ளலாம்.

தை பிறந்ததும் தொடங்கினால் மாசிக்குள் தளம் போட்டுவிடலாம். தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கக் காத்திருக்கும் அந்த அமைதியான நாட்கள் பரீட்சை நேரத்தில் வந்தால் பிள்ளைகளுக்கும் நிம்மதி. ஐப்பசி மழைக்கு முன் வெளிப்பூச்சு முடிந்திருக்க வேண்டும்.

அனுமதியைத் தள்ளிப்போடாதீர்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, சுயசான்று அடிப்படையில் ஆன்லைனில் உடனடி அனுமதி தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. உங்கள் மாடி அறை அதில் வருமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஒன்று விட்டுப்போனது, மேல் குளியலறை. அதற்குக் கீழே நீங்கள் தூங்கும் அறை இருக்கும். வாட்டர் புரூஃபிங் செய்து காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், வடிகுழாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கிவிட்டு, கீழே வந்து சீலிங்கைப் பாருங்கள். டைல்ஸ்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.