உமா முசுமேயுடன் நாலு வருடம்: சனிக்கிழமை 1200 மீட்டருக்கு என் கணிப்பு

சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு எங்கள் மூவருக்குள் ஒரு ரூம் மேட்ச், அதாவது விளையாட்டுக்குள் நண்பர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் பந்தயம். ஜப்பானின் நகயாமா பந்தயத் திடல், புல்தரை, 1200 மீட்டர். நிஜத்தில் ஸ்ப்ரிண்டர்ஸ் ஸ்டேக்ஸ் என்ற பெரிய குறுந்தூரப் பந்தயம் ஓடும் அதே தடம். ஆளுக்கு மூன்று என்று ஒன்பது ஓட்டக்காரர்கள். யாரை நம்பி இறங்குகிறேன், யாரைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த விளையாட்டோடு நாலு வருடம் பழகியதைச் சொல்லாமல் கணிப்பை மட்டும் சொன்னால் அது வெறும் பெயர்ப் பட்டியலாகிவிடும்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. உமா முசுமே 2021 பிப்ரவரியில் ஜப்பானில் வந்த கைபேசி விளையாட்டு. ஆங்கிலப் பதிப்பு 2025 ஜூனில் வந்தது. நான் ஆடுவது ஜப்பானியப் பதிப்பு. நிஜப் பந்தயக் குதிரைகளின் பெயரையும் வரலாற்றையும் சுமக்கும் பெண்கள், தலையில் குதிரைக் காது, பின்னால் வால். நாம் பயிற்சியாளர். மூன்று வருடப் பயிற்சிக் காலத்தில் ஒருத்தியை வளர்த்து எடுக்கிறோம். அதன்பிறகு கேட் திறந்தால் நம் கையில் எதுவுமில்லை. ஒரு பொத்தான்கூட அழுத்த முடியாது. பணம் கட்டுகிற சமாச்சாரமும் பந்தயத்தில் கிடையாது. வளர்த்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். லாயத்தில் நிற்கிறவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரிந்திருக்கும். என்னை இதில் கட்டிப் போட்டதும் இதுதான்.

நான் வந்த வழி வேறு. சிங்கப்பூரில் வளர்ந்தவன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலுக்குப் போனவன். எங்கள் வீட்டில் ராக்கெட் மேன் என்ற குதிரையின் பெயரை உறவுக்காரர் பெயர் மாதிரிச் சொல்வார்கள். 27 ஓட்டம், 20 வெற்றி. 2011 மார்ச்சில் துபாய் கோல்டன் ஷாஹீன், மே மாதம் கிராஞ்சியிலேயே கிரிஸ்ஃபிளையர் சர்வதேச ஸ்ப்ரிண்ட், இரண்டையும் வென்றது. அதே வருடம் அக்டோபர் 2ஆம் தேதி ஸ்ப்ரிண்டர்ஸ் ஸ்டேக்ஸுக்காக நகயாமா போனது. ஜப்பானியர்களே அதைத்தான் முதல் விருப்பமாக வைத்திருந்தார்கள். நாலாவதாக வந்தது. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வென்றது கரென்சான் என்ற சாம்பல் நிறப் பெண்குதிரை. பத்து வருடம் கழித்து ஒரு நண்பர் போனில் இந்த விளையாட்டைக் காட்டியபோது, பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் நான் பதிவிறக்கினேன். ராக்கெட் மேன் இதில் இல்லை. அவனை வென்றவள் இருந்தாள்.

இனி தடத்துக்கு வருகிறேன். நகயாமா 1200இல் கேட் இருப்பது வெளிச்சுற்றின் மேட்டில். கிளம்பியவுடன் இறக்கம்தான், அதனால் முதல் பாதி எப்போதும் கொதிக்கும். பிறகு வலது வளைவு. கடைசி நேர்ப்பாதை 310 மீட்டர்தான். ஆனால் அதன் முடிவுக்கு முன்னால் 2.2 மீட்டர் ஏற்றம் ஒன்று நிற்கிறது. இறக்கத்தில் கிடைத்த வேகத்தை நம்பி வந்தவர்கள் அங்கேதான் மூச்சு வாங்குவார்கள். இந்த மேடுபள்ளத்தையெல்லாம் விளையாட்டு அப்படியே வைத்திருக்கிறது. அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

விளையாட்டின் கணக்கில் எந்தப் பந்தயமும் மூன்று கட்டம்: முதல் ஆறில் ஒரு பங்கு தொடக்கம், அடுத்து மூன்றில் இரண்டு வரை நடு, மீதி இறுதி. 1200க்கு இதைப் போட்டுப் பாருங்கள். இறுதிக் கட்டம் 800ஆவது மீட்டரில் தொடங்கும், இன்னும் 400 மீட்டர் பாக்கி. நேர்ப்பாதையோ 310தான். அப்படியென்றால் இறுதி முடுக்கம் கடைசி வளைவுக்கு உள்ளேயே, 90 மீட்டர் முன்னதாகவே ஆரம்பித்துவிடும். "கடைசி நேர்ப்பாதையில் முடுக்கம்" தரும் திறனை இந்தத் தடத்துக்கு வாங்கிக் குவிப்பவர்கள் வண்டி புறப்பட்ட பிறகு டிக்கெட் எடுக்கிறார்கள். கடைசி வளைவில் வேலை செய்யும் முடுக்கத் திறன்தான் இங்கே தங்கம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

இன்னொன்று, புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. ஸ்ப்ரிண்ட் என்றதும் ஸ்பீடு எண்ணை மட்டும் ஏற்றுவார்கள். அந்த எண் ஓட்ட வேகத்தைத் தொடுவதே இறுதிக் கட்டத்தில்தான். முதல் 800 மீட்டரில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை ஓட்டப் பாணியும், திறன்களும், முடுக்கத்துக்கான பவரும், புத்தி எண்ணும்தான் தீர்மானிக்கின்றன. புத்திக்கு இன்னொரு வேலையும் உண்டு. திறன் வேலை செய்யுமா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கல் நடக்கிறது. புத்தி 300 என்றால் 70 சதவீத வாய்ப்பு, 900 என்றால் 90. நீண்ட பந்தயத்தில் ஒரு திறன் தவறினால் அடுத்ததில் சரிக்கட்டலாம். இங்கே எழுபது நொடியில் எல்லாம் முடிந்துவிடும். தவறினால் தவறியதுதான். ஆகவே ஸ்ப்ரிண்டுக்கு நான் முதலில் பார்க்கும் எண் புத்தி. ஸ்டாமினாவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

கேட் தாமதமும் இதே கணக்கில் வரும். ஒவ்வொரு ஓட்டக்காரிக்கும் பூஜ்யத்திலிருந்து பத்தில் ஒரு நொடி வரை தாமதம் விழும். 2400 மீட்டரில் அது யார் கண்ணிலும் படாது. 1200இல், அதுவும் முன்னால் ஓட வேண்டியவளுக்கு, அதுவே பந்தயம். தாமதத்தைக் குறைக்கும் திறன் இல்லாத நிகேயை இந்தத் தூரத்துக்கு நான் பதிவு செய்வதே இல்லை. (நிகே என்றால் முதலிலிருந்தே தலைமை பிடித்து ஓடுவது. அதற்குப் பின்னால் சென்கோ, பிறகு சாஷி, கடைசியில் ஒய்கோமி.)

இப்போது ஒன்பது பேர்.

இந்த ஒன்பதில் சகுரா பக்குஷின் ஓ மட்டும் மூன்று பேர், ஆளுக்கு ஒருத்தி. ஏன் என்று கேட்கத் தேவையில்லை. நிஜக் குதிரை 1993, 1994 இரண்டு வருடமும் ஸ்ப்ரிண்டர்ஸ் ஸ்டேக்ஸை வென்றது. 1400 மீட்டரும் அதற்குக் கீழும் 12 ஓட்டம், 11 வெற்றி. அதற்கு மேற்பட்ட தூரங்களில் 9 ஓட்டம், ஒரு வெற்றி கிடையாது. 1994இல் கடைசி ஓட்டத்தில் 1 நிமிடம் 7.1 நொடியில் முடித்து விடைபெற்றது. அப்படிப்பட்ட குதிரையின் மகள் வயிற்றுப் பேரன்தான் கிடசான் பிளாக், 3200 மீட்டர் வசந்தகாலத் தென்னோ ஷோவை இரண்டு முறை வென்றவன். விளையாட்டில் பக்குஷின் ஓ எந்தத் தூரத்தையும் வெல்வேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வாள். பேரனை நினைத்தால் அவள் சொல்வது பொய்யில்லை என்று எனக்குத் தோன்றும். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் மனசு கரையும்.

ஆனால் மூன்று நிகே ஒரே பந்தயத்தில் இருந்தால் ஒருத்தி மட்டும்தான் தலைமை பிடிக்க முடியும். மற்ற இருவரும் அவளோடு முட்டி மோதி ஸ்டாமினாவைக் கரைப்பார்கள். என்னுடையவளுக்குப் புத்தி 1000க்கு மேல், தொடக்கத் திறன்கள் இரண்டு. ஜூரோங் நண்பருடையவளுக்கு ஸ்பீடு அதிகம், புத்தி 600க்குள். முதல் 200 மீட்டரில் அவளை என்னுடையவள் தாண்டிவிடுவாள் என்று நம்புகிறேன். ஜொகூர் நண்பருடையவளைப் பற்றி எனக்கு உறுதியில்லை. அவர் மூன்று வாரமாக ஒருத்தியையே திரும்பத் திரும்ப வளர்த்துக்கொண்டிருக்கிறார், எண்களைக் காட்டவும் மறுக்கிறார்.

அவருடைய இரண்டாவது ஆள் டைகி ஷட்டில். நான் நிஜமாகப் பயப்படுவது இவளுக்குத்தான். 13 ஓட்டத்தில் 11 வெற்றி, 1998இல் பிரான்சில் ஜாக் லெ மரோவா பந்தயத்தில் வெற்றி. சென்கோவாக மூன்றாவது நாலாவது இடத்தில் ஒட்டிக்கொண்டு வந்து, வளைவு முடியும்போது வெளியே வருவாள். முன்னால் மூன்று பக்குஷின்களும் அடித்துக்கொண்டால் லாபம் முழுக்க இவளுக்கு. ஒரே ஆறுதல், நிஜ ஷட்டிலின் கடைசி ஓட்டமான 1998 ஸ்ப்ரிண்டர்ஸ் ஸ்டேக்ஸில் அதற்குக் கிடைத்தது மூன்றாம் இடம். ஆறுதல் மட்டும்தான், கணிப்புக்கு உதவாது.

மூன்றாவது ஹிஷி அக்கெபோனோ. 1995இல் 560 கிலோ உடம்போடு இந்தப் பந்தயத்தை வென்ற குதிரை. கடைசி ஏற்றத்துக்குப் பவர் வேண்டும் என்பதால் தேர்ந்தெடுத்திருக்கிறார். நல்ல யோசனை.

ஜூரோங் நண்பரிடம் பிக்கோ பெகாசஸும் நிஷினோ ஃபிளவரும். பிக்கோ 1994, 1995 இரண்டிலும் இரண்டாவதாக வந்தவள். முதல் வருடம் பக்குஷின், அடுத்த வருடம் அக்கெபோனோ. இருவருமே சனிக்கிழமை எதிரில் நிற்கிறார்கள். நண்பர் வேண்டுமென்றேதான் அவளை இறக்குகிறார், எனக்கும் அவள் ஜெயித்தால் சந்தோஷம்தான். நிஷினோ ஃபிளவர் 1992இல் வென்றவள். பக்குஷின் 1400க்குள் தோற்ற ஒரே ஓட்டம் அதுதான்.

என்னுடைய மற்ற இருவர் கிங் ஹேலோவும் கரென்சானும். கிங் ஹேலோ சாஷி. நிஜக் குதிரை, டான்சிங் பிரேவ் என்ற புகழ்பெற்ற குதிரையின் மகன், பெரிய தூரங்களில் எல்லாம் முயன்று கடைசியில் 2000இல் தகமாட்சுனோமியா கினென் 1200இல் பெரிய வெற்றியைப் பிடித்தவன். முன்னால் ஆட்டம் கலைந்தால் உதவும் என்று வைத்திருக்கிறேன். 310 மீட்டர் அவளுக்குக் குட்டைதான்.

கரென்சானை முதல் வருடம் நான் வளர்க்கவே இல்லை. கோபம் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிறகு அவளுடைய கதையை ஆடியபோதுதான், அந்த வருடம் ஹன்ஷின் ஹிம்பா, ஹகோடாத்தே ஸ்ப்ரிண்ட், கீன்லாண்ட் கோப்பை என்று வரிசையாக வென்றுவிட்டு நகயாமாவுக்கு வந்தவள் என்று தெரிந்தது. எங்கள் குதிரையை ஏதோ ஒரு குதிரை அடிக்கவில்லை. உச்சத்தில் இருந்த ஒரு ராணி அடித்தாள். அதற்குப் பிறகு இதுவரை பதினேழு முறை வளர்த்திருக்கிறேன். தூரப் பொருத்தம் ஏ தரத்திலிருந்து எஸ் தரத்துக்கு ஏறியது பதினேழாவதில்தான்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்குஷின் ஓவும் கிங் ஹேலோவும் ஒரு நட்சத்திர ஆட்கள், காசு செலவில்லாமலே கைக்கு வருவார்கள். டைகி ஷட்டிலும் கரென்சானும் மூன்று நட்சத்திரம், குலுக்கலில்தான் வர வேண்டும். 200 முறை இழுத்தால் நிச்சயம் உண்டு, அதற்கான கற்களை (விளையாட்டுக்குள் செல்லும் காசு) சேர்க்கப் பல வாரம் ஆகும். ஆனால் ஆளைவிடப் பயிற்சித் துணை அட்டைகள்தான் ஓட்டக்காரியை உருவாக்குகின்றன. ஒவ்வொரு வளர்ப்புக்கும் ஓர் அட்டையை நண்பரிடமிருந்து கடன் வாங்கலாம் என்பதால், நல்ல அட்டை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போதும். நேரம்தான் பெரிய செலவு. ஒரு வளர்ப்புக்கு எனக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாள்களில்தான் நான் ஆடுவது. வேலையும் பிள்ளைகளும் இருப்பவர்கள் வாரத்துக்கு இரண்டு வளர்ப்பு என்று வைத்துக்கொண்டால் தாராளம்.

2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் நடந்தது. அப்பா போகவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து போன் திரையைப் பார்க்கத் தொடங்கினார். காதும் வாலுமாகப் பெண்கள் ஓடுவது முதலில் அவருக்குச் சங்கடமாக இருந்தது. ஜப்பானிய வர்ணனையின் குரல் கடைசி வளைவில் ஏறும்போது மட்டும் அவர் கை தானாக நாற்காலியைப் பிடிக்கும். பதினேழாவது கரென்சானைக் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இந்தச் சாம்பல் குட்டிதானேடா நம்மள அன்னிக்கு அடிச்சது?"

"ஆமாப்பா."

"முன்னாடி மூணு பேர் மோதிக்கிட்டா இவ நாலாவதா உள்பக்கம் நிக்கக் கூடாது. அடைச்சிடுவாங்க. நம்ம பையனுக்கு அன்னிக்கு வழி கிடைக்கல." இன்றும் அவர் அப்படித்தான் சொல்வார்.

அடைபடும்போது பக்கவாட்டில் வழி தேடிக்கொள்ளும் திறன் ஒன்று உண்டு. அதற்கான புள்ளிகளை இன்னொரு வேகத் திறனுக்கென்று வைத்திருந்தேன். அப்பா பேச்சைக் கேட்டு வழி தேடும் திறனையே வாங்கிவிட்டேன். ஆகவே என் வரிசை இது: கரென்சான், டைகி ஷட்டில், என்னுடைய பக்குஷின் ஓ. சனிக்கிழமை அப்பா எட்டரைக்கே சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.