டொல்பின் வேனுக்கு ரெக்சின் மாற்றி நான்கு ஆண்டுகள்

எங்கள் டொல்பின் வேனுக்கு, அதாவது பழைய டொயோட்டா ஹயஸுக்கு, வயது முப்பது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோதே, இதை விற்று வேறொன்று வாங்கும் யோசனை செத்துப்போயிற்று. 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். வரியைக் கேட்டதும் இரண்டாம் முறையும் செத்தது. எஞ்சினில் குறையில்லை. உள்ளேதான் ஆளை ஏற்றக் கூச்சமாக இருந்தது. கதவின் உட்புறத்தை மூடும் பனல்களின் ரெக்சின் மேலோரத்தில் வெடித்து, கருவாட்டுத் தோல் மாதிரிச் சுருண்டிருந்தது.

2021இல் முன் கதவுகள் இரண்டையும், இழுத்துத் திறக்கும் பக்கக் கதவையும் ஒரு குஷன் கடையில் கொடுத்துப் புது ஸ்பொஞ்சும் ரெக்சினும் போட்டேன். பின்பக்கப் பனல்களை 2022 கடைசியில் நானே செய்தேன். ஒரே வேனில் இரண்டு கைவேலை. இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே மட்டக்களப்புக் கல்லடிக் கடற்காற்று. எது தாங்கும், எது தாங்காது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

கடையிலிருந்து வேன் வந்த அன்று வீட்டில் எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். வெளிர்சாம்பல் நிறம், கோடு பிசகாத தையல், அழுத்தினால் அமிழ்ந்து எழும் மெத்தை. ரெக்சின் தெரிவு செய்யவே அரை நாள் செலவழித்திருந்தேன். என்ன கம் (பசை) பூசப்போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வறண்ட மேல்காற்று வீசும் கச்சான் காலம் முதலாவது பிழையில்லாமல் போயிற்று. இரண்டாவதில், இடப்பக்கக் கதவில் கைப்பிடியைச் சுற்றியுள்ள குழிவில் ரெக்சின் பூரி போல உப்பியது. விரலால் அமுக்கினால் படியும். மத்தியானம் திரும்ப எழும்பும். வலப்பக்கக் கதவுக்கு ஒன்றுமில்லை. ஒரே கடை, ஒரே ஆளின் வேலை. மண்டையைப் போட்டு உடைத்த பிறகுதான் விளங்கியது: வேனை நான் எப்போதும் வடக்குப் பார்த்து நிறுத்துகிறேன். பின்னேர வெயில் முழுவதும் இடப்பக்கத்துக்குத்தான். கண்ணாடி ஏற்றிப் பூட்டிய வாகனத்துக்குள் சூடு 60 பாகை செல்சியஸையும் தாண்டலாம். வெயில் நேராக விழும் இடத்தில் அதற்கும் மேல். செருப்புக்கும் மேசைக்கும் பூசுகிற மலிவான மஞ்சள் கம் அந்தச் சூட்டில் இளகிவிடும். தட்டையான இடத்தில் இளகினால் வெளியே தெரியாது. குழிவிலோ ரெக்சினை இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். கம் பிடியை விட்டதும் அது பழையபடி நிமிரப் பார்க்கிறது.

உப்பலைச் சரிசெய்யத்தான் பனலைக் கழற்றினேன். கண்ணாடி இறக்கும் கைப்பிடிக்குப் பின்னால் சிறிய கம்பிக் கிளிப் ஒன்று இருக்கும். ஸ்குரூட்ரைவரால் நெம்பினால் ரெக்சின் கிழியும். பழைய சாரத்தில் (லுங்கியில்) இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, கைப்பிடிக்கும் பனலுக்கும் இடையில் கொடுத்து, சப்பாத்துக்குப் பொலிஷ் போடுவது போல இரு பக்கமும் மாறிமாறி இழுத்தால் கிளிப் துணியில் சிக்கிக்கொண்டு வெளியே வரும். பறந்தும் போகும், ஒரு ஆளை முன்னால் நிறுத்துங்கள். என்னுடையதை மணலுக்குள் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் போயிற்று.

பனலின் முதுகைத் திருப்பிப் பார்த்தபோதுதான் உண்மையான சேதம் தெரிந்தது. ஹார்ட்போர்ட் அடியோரம் தேநீரில் தோய்த்த பிஸ்கட் போல ஊதி, நகம் பட்டாலே உதிர்ந்தது. ஸ்பொஞ்ச் தண்ணீரைக் குடித்துக் கறுப்புப் பூஞ்சணம் பிடித்திருந்தது. வேனுக்குள் பல நாளாக வந்த மணத்துக்கு நான் மீன் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கதவுக்குள் மழைத்தண்ணீர் வருவது பழுது அல்ல. கண்ணாடியோரமாக இறங்கி, கதவின் அடித்துளைகளால் வெளியேறும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் பனலைத் தொடாமலிருக்கத் தகரத்தின் மேல் ஒரு பொலித்தீன் விரிப்பு ஒட்டியிருக்க வேண்டும். என் கதவில் அது இல்லை. எப்போதோ ஸ்பீக்கர் பூட்டியவர் கிழித்தாரோ, குஷன் கடையில் குப்பை என்று எறிந்தார்களோ. கடைக்காரரிடம் கேட்டேன். “அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தம்பி” என்றார். மட்டக்களப்பு மாரியைப் பார்த்தவர் சொல்லும் கதையா அது?

மிச்சத்தை நானே செய்ததற்கு வீரம் காரணமல்ல. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியது. ரெக்சினும் கம்மும் இறக்குமதிச் சாமான்; கூலியையாவது மிச்சம் பிடிக்கலாம் என்று இறங்கினேன். காத்தான்குடியில் சோபா வேலை செய்யும் முஸ்லிம் அண்ணன் ஒருவர் சொல்லித் தந்தார்; காக்கா என்றுதான் கூப்பிடுவோம். பலகையாக 3 மி.மீ. பிளைவுட், முதுகுக்கும் ஓரத்துக்கும் இரண்டு தரம் எனாமல் பெயின்ட். ஸ்பொஞ்சுக்குப் பதிலாக, தண்ணீர் குடிக்காத, யோகாப் பாய் போன்ற நுரைத்தாள். இதில் நான் ஒரு மடைத்தனம் செய்தேன்: மெத்தென்று இருக்கட்டும் என்று முதலில் 10 மி.மீ. போட்டேன். பனல் தகரத்தோடு படியவே இல்லை, கிளிப்புகள் ஓட்டையை எட்டவில்லை. உரித்தெறிந்து 3 மி.மீ. போட்டேன். தடித்தது கை வைக்கும் இடத்துக்கு மட்டும் போதும்.

சூடு தாங்கும் கம் என்று கேட்டு வாங்கி இரண்டு முகத்திலும் பூசினேன். பூசியதும் ஒட்டக் கை பரபரத்தது. “விரலில் ஒட்டாத வரைக்கும் காயவிடுங்கள், தம்பி. பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை சரிவராது” என்றார் காக்கா. பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். பிறகு குழிவில்தான் தொடங்க வேண்டும், ஓரத்தில் அல்ல. முடி காயவைக்கும் ட்ரையரால் ரெக்சினை இளக்கி, முதலில் பள்ளத்தில் அமுக்கி, அங்கிருந்து வெளியே தடவிக்கொண்டு போனேன். ஓரத்தை ஓர் அங்குலம் பின்னால் மடித்து ஒட்டினேன். ஸ்டேப்ளர் அடிக்கவில்லை, 6 மி.மீ. ஊசி அந்தப் பலகையைத் துளைத்து முன்னால் முளைத்துவிடும்.

அதே கையோடு இடப்பக்கக் கதவையும் பொலித்தீன் விரிப்போடு திரும்பச் செய்தேன். பழைய ரெக்சினின் நிறம் கிடைக்கவில்லை. வேனுக்குள் இப்போது இரண்டு சாம்பல் இருக்கிறது. ஏறுகிற எவரும் கவனிக்கவில்லை, மனைவியைத் தவிர.

மூன்று மாரி கடந்தும் என் பனல்களில் ஓரம் எழும்பவில்லை. அதற்காக அழகு குறையவில்லை என்று சொல்ல மாட்டேன். கதிர்காமத்துக்கும் மாமாங்கத் தீர்த்தத்துக்கும் ஆள் ஏற்றுகிறேன். திருநீறு ரெக்சினின் வரிகளுக்குள் இறங்கினால் சவர்க்கார நீரும் பழைய பல்தூரிகையும் வேண்டும். ஜீன்ஸ் சாயம் முழுதாகப் போகவே இல்லை. தலை சாய்க்கும் உயரத்தில் எண்ணெய் பட்டுப்பட்டு ஒரு பட்டை விறைத்துக்கொண்டு வருகிறது. அடுத்த வெடிப்பு அங்கேதான். பளபளப்புக்கு சிலிக்கன் பொலிஷ் பூசாதீர்கள். பூசிய இடத்தில் பிறகு கம் பிடிக்காது.

வலப்பக்கக் கதவு இன்னும் கடைக்காரரின் வேலையோடுதான் இருக்கிறது. வெளியே ஒரு சுருக்கமில்லை. ஆனால் அடியோரத்தை விரலால் தட்டினால் சத்தம் மாறிக் கேட்கிறது. மாரிக்கு முன் கழற்ற வேண்டும். சாரத் துண்டு டாஷ்போர்ட் பெட்டிக்குள் இருக்கிறது.