சிலி ஒயின் பள்ளத்தாக்குச் சுற்றுலா: வேன் ஏறுமுன் இதைப் படித்துவிடுங்கள்

மார்ச், ஏப்ரல் மாதங்கள் சிலியில் திராட்சை அறுவடைக் காலம். அந்தச் சமயம் சாண்டியாகோவில் இறங்கி, அப்படியே ஒயின் பள்ளத்தாக்குகளையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னையும் என் மனைவியையும் அங்கே ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் நன்றாக ஏமாற்றினார். போன பணத்தைக்கூட மறந்துவிடலாம். எங்கள் உயிரைத் துச்சமாக நினைத்தார்களே, அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. இப்படிப்பட்டவர்கள் அடுத்த சீசனுக்கு வேறு பெயரில் வந்து நிற்பார்கள். அவர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்திருந்தால் யாரிடமும் தப்பித்துக்கொள்ளலாம்.

விளம்பரம் இதுதான்: காசாபிளாங்கா, மைப்போ, கோல்ச்சாகுவா என மூன்று பள்ளத்தாக்குகள், இரண்டே நாளில். பெயர்பெற்ற தோட்டங்களில் டேஸ்டிங் (ஒயினைச் சுவைத்துப் பார்ப்பது), மதியச் சாப்பாடு, ஆங்கிலம் பேசும் வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,40,000 பெசோ. பாதி முன்பணம், மீதி வேனில் ஏறும்போது ரொக்கமாக. அவர்கள் அனுப்பிய பட்டியலில் தோட்டங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எந்தப் பெயருக்கு நேராகவும் நேரம் போடவில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிலியின் பெரிய தோட்டங்களில் பெரும்பாலும் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆங்கிலச் சுற்று இத்தனை மணிக்கு, ஸ்பானிஷ் சுற்று இத்தனை மணிக்கு என்று பிரித்து வைத்திருப்பார்கள். புக்கிங் செய்தவரிடம் நேரம் கட்டாயம் இருக்கும். நேரம் இல்லாத பட்டியலைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

முதல் நாள் காசாபிளாங்கா. சாண்டியாகோவிலிருந்து வால்பரைசோ போகும் 68-ஆம் எண் நெடுஞ்சாலையில் முதலில் லோ பிராடோ சுரங்கப்பாதை வரும். அடுத்து குராகாவி என்ற ஊர், பிறகு சபாத்தா சுரங்கப்பாதை. இந்த இரண்டாவது சுரங்கத்தைத் தாண்டினால்தான் காசாபிளாங்கா பள்ளத்தாக்கு. எங்கள் வேன் குராகாவியிலேயே நின்றுவிட்டது. சாலையோரம் ஒரு கடை, கடைக்கு முன்னால் அழகுக்கு நட்ட சில திராட்சைக்கொடி வரிசைகள். வழிகாட்டி கையை விரித்து "காசாபிளாங்காவுக்கு நல்வரவு" என்றார்.

கைப்பேசியில் வரைபடம் திறந்தே இருந்தது. இன்னும் சபாத்தா வரவில்லையே என்று கேட்டேன். "எல்லாம் ஒரே பள்ளத்தாக்குதான் சார், எல்லைக்கோடு யார் போட்டார்கள்?" என்றார். எல்லைக்கோடு சட்டத்திலேயே இருக்கிறது. சிலியில் ஒரு பள்ளத்தாக்கின் பெயரை பாட்டிலில் அச்சிட வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் ஒயினில் குறைந்தது 75 சதவீதம் அங்கே விளைந்த திராட்சையிலிருந்து வந்திருக்க வேண்டும். காசாபிளாங்காவுக்கு என்று தனி இயல்பும் உண்டு. பசிபிக்கின் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டத்தால் உண்டாகும் மூடுபனி காலையில் பள்ளத்தாக்குக்குள் ஏறி வரும், திராட்சை மெதுவாகப் பழுக்கும். அதனால்தான் 1980-களில் பாப்லோ மொராண்டே என்ற ஒயின் தயாரிப்பாளர் அங்கே நட்டுக் காட்டிய பிறகு சாவிஞோன் பிளாங், ஷார்டனே போன்ற வெள்ளை ஒயின்களுக்கு அந்த இடம் பேர் வாங்கியது. அந்தப் பனியையும் கொடிகளையும் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனோம். குராகாவியைக் குறை சொல்லவில்லை. திராட்சையைப் புளிக்கவைத்துச் செய்யும் சிச்சாவுக்கு நாடறிந்த ஊர் அது. சிச்சா என்று சொல்லி ஊற்றியிருந்தால் சந்தோஷமாகக் குடித்திருப்போம்.

டேஸ்டிங் நடந்த விதத்தைச் சொல்கிறேன், கவனியுங்கள். பாட்டில்கள் உள்ளறையிலிருந்து ஏற்கெனவே திறந்த நிலையில் வந்தன. லேபிள் தெரியாதபடி துணி சுற்றியிருந்தார்கள். வெள்ளை ஒயின் இளம் பச்சை கலந்த வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டியது, பழுப்பேறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் நறுக்கி வைத்து நிறம் மாறிய ஆப்பிள் வாசனை. திறந்து நாள்கணக்கில் காற்றுப்பட்ட ஒயின் அப்படித்தான் இருக்கும். அடுத்து சிவப்பு. "கிரான் ரெசெர்வா கார்மனேர், சிலியின் பெருமை" என்று அறிமுகம் வேறு. பச்சைக் குடைமிளகாய் வாசனை குப்பென்று அடித்தது, அடியில் வினிகர் புளிப்பு.

கார்மனேர் என்ற திராட்சை வகை நிஜமாகவே சிலியின் பெருமைதான். 19-ஆம் நூற்றாண்டில் ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்ஸின் தோட்டங்களை அழித்தபோது அந்த வகையும் ஏறக்குறைய மறைந்துபோனது. சிலியை அந்தப் பூச்சி எட்டவில்லை. அங்கே மெர்லோ என்ற இன்னொரு வகை என்று நினைத்து வளர்த்துவந்த கொடிகளில் பல கார்மனேர்தான் என்று 1994-ல் மைப்போ பள்ளத்தாக்கில் ழான் மிஷேல் பூர்சிக்கோ என்ற பிரெஞ்சு நிபுணர் கண்டுபிடித்துச் சொன்னார். மெர்லோவைவிடப் பல வாரம் தாமதமாகப் பழுக்கிற வகை அது. அவசரப்பட்டுப் பறித்தால் அந்தக் குடைமிளகாய் வாசனை தூக்கலாக நிற்கும். பொறுத்திருந்து பறித்த நல்ல கார்மனேரை நான் பிறகு சாண்டியாகோவில் ஒரு சாதாரண உணவகத்தில் குடித்தேன். அதற்கும் அந்தக் கடையில் ஊற்றியதற்கும் சம்பந்தமே இல்லை. முதல்முறை வருகிற ஒருவர் அந்தக் கடையோடு திரும்பிப் போனால் சிலி ஒயின் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுவார். இது அந்த விவசாயிகளுக்குச் செய்கிற துரோகம்.

பிறகு வியாபாரம். ஆளுக்கு மூன்று பாட்டில் வாங்கினால்தான் டேஸ்டிங் இலவசம், இல்லையென்றால் தனிக் கட்டணம் என்றார்கள். கட்டணம் ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் "அது வண்டிக்கு" என்று பதில். சென்னைக்கே வீட்டு வாசலில் கொண்டுவந்து தருவோம் என்றும் ஆசை காட்டினார்கள். தயவுசெய்து இதற்கு மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள். இறக்குமதி ஒயினுக்கு நாங்கள் போன சமயம் இந்தியாவில் 150 சதவீதம் சுங்கவரி. வரியையும் மது அனுமதி நடைமுறைகளையும் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்பவரை எப்படி நம்புவது? எங்களோடு வந்த பிரேசில் தம்பதி கார்டு கொடுத்தார்கள். பெசோவா, டாலரா என்று இயந்திரம் கேட்டபோது கடைக்காரரே டாலரை அழுத்திவிட்டார். கடைக்காரர்கள் வைத்த மாற்று விகிதத்தில்தான் பணம் போனது. இயந்திரத்தை உங்கள் கைக்கு வாங்கி நீங்களே பெசோவை அழுத்துங்கள்.

மைப்போ என்ன ஆயிற்று என்கிறீர்களா? இரண்டாம் நாள் 5-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே போகும்போது ஜன்னல் வழியாகக் கை காட்டினார்கள். அவ்வளவுதான்.

கோல்ச்சாகுவாவில் அபால்தா பகுதியில் ஒரு பெரிய தோட்டத்தின் வாசல்வரை போனோம். காவலாளி கையில் அன்றைய பதிவுப் பட்டியல் இருந்தது. எங்கள் பெயரும் இல்லை, நிறுவனத்தின் பெயரும் இல்லை. நல்ல மனிதர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போன் போட்டுக் கேட்டார். அறுவடை நேரம், அன்று இடமே இல்லை. வேலிக்கு வெளியே நின்று, கொடிகளின் ஓரத்தில் இலைகள் சிவக்கத் தொடங்கியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மதியச் சாப்பாடு சாந்தா குரூஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தில்.

அங்கேதான் நடக்கக்கூடாதது நடந்தது. ஓட்டுநரும் எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து சிவப்பு ஒயின் குடித்தார். ஒரு கிளாஸ், பிறகு இன்னொன்று. எழும்போது சூயிங்கம் பிரித்து வாயில் போட்டதை என் மனைவி பார்த்துவிட்டாள். சாண்டியாகோ அங்கிருந்து சுமார் 180 கிலோமீட்டர். சிலியில் 2012 முதல் சட்டம் கடுமையானது. ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.3 கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம், 0.8-ஐ எட்டினால் போதையில் ஓட்டிய குற்றம். போதையில் ஓட்டி ஒருவர் உயிரைப் பறித்தால் குறைந்தது ஓராண்டு சிறையில் இருந்தே தீரவேண்டும் என்று 2014-ல் எமிலியா சட்டமும் வந்தது. வழிகாட்டியிடம் சொன்னபோது "இங்கே எல்லா ஓட்டுநரும் இப்படித்தான்" என்றார். அப்பட்டமான பொய். அந்த உணவகத்தின் பரிமாறுபவரே முகம் சுளித்தார்.

"இந்த ஆள் ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று மனைவி உறுதியாகச் சொல்லிவிட்டாள். பிரேசில் தம்பதியும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். பைகளை எடுத்துக்கொண்டு சாந்தா குரூஸ் பேருந்து நிலையத்துக்குப் போய், சாண்டியாகோ பஸ் பிடித்தோம். வழிகாட்டி தடுக்கவும் இல்லை, பணத்தைப் பற்றிப் பேசவும் இல்லை.

போக விரும்புகிறவர்கள் தாராளமாகப் போங்கள், ஆனால் இடைத்தரகர் இல்லாமல் போங்கள். தோட்டங்களின் சொந்த இணையதளத்தில் நீங்களே நேரம் பதிவு செய்யலாம். ஏற்பாட்டாளர்தான் வேண்டும் என்றால், உங்கள் பெயரில் தோட்டம் அனுப்பிய உறுதி மின்னஞ்சலைக் கேளுங்கள், அதை வைத்துத் தோட்டத்துக்கே எழுதிச் சரிபாருங்கள். ஒரு நாளுக்கு ஒரு பள்ளத்தாக்கு, அதில் இரண்டு தோட்டம், மிஞ்சினால் மூன்று. மைப்போவில் பிர்க்கே என்ற ஊர்ப் பக்கம் போக சாண்டியாகோ மெட்ரோவின் 4-ஆம் தடமும் அதன்பின் ஒரு பஸ்ஸும் போதும். கோல்ச்சாகுவாவுக்குப் போனால் சாந்தா குரூஸில் இரவு தங்கிவிடுங்கள், திரும்பும் அவசரம் இருக்காது. உங்களுக்கு ஊற்றுகிற பாட்டிலை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லலாம், லேபிளைக் காட்டச் சொல்லலாம். நல்ல தோட்டத்தில் கேட்காமலே காட்டுவார்கள்.

பணம் கொடுத்தால் போலேட்டா என்கிற ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குத் தரவில்லை. ஆனாலும் பட்டியல், முன்பணம் அனுப்பிய சான்று, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்து சிலியின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான செர்நாக்கில் இணையம் வழியாகப் புகார் கொடுத்திருக்கிறோம். பிரேசில் தம்பதி தங்கள் வங்கியிலும் கார்டு கட்டணத்தை எதிர்த்து விண்ணப்பித்திருக்கிறார்கள். நிறுவனத்திடமிருந்து இதுவரை ஒரு பதிலும் இல்லை.